சத்தம் வராத பெட்டி

தலைமைக் குமாஸ்தா கருத்துப் பெட்டியை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து உலுக்கினார். சத்தம் இல்லை. காதை ஒட்டவைத்து இன்னொரு தரம் உலுக்கினார். உள்ளே ஒரே ஒரு காகிதம் இருந்தாலும் சரசரக்க வேண்டுமே? ம்ஹூம்.

"போச்சு! தொண்ணூறு நாள் வாசல்ல வச்சும் ஒரு பய எழுதிப் போடல!"

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "சார், அந்தப் பெட்டி..."

"நீ பெருக்கும்மா. இது உனக்குப் புரியாது. மக்கள் பங்கேற்பு!"

விஷயம் இதுதான். மனிதர் கைபடாத காடு, அதன் நடுவே ஓர் ஆறு, இரண்டையும் சேர்த்துக் காட்டாற்றுப் பூங்கா என்று பாதுகாத்து வந்தார்கள். அதை இனிமேல் எப்படிப் பராமரிப்பது என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் தயார். எழுதியவர்களில் ஒருவரும் அந்த ஆற்றைக் கண்ணால் கண்டதில்லை. காலண்டரில் பார்த்திருந்தார்கள். அதுவும் வேறு ஆறு.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. மக்களிடமிருந்து நூறு கருத்தாவது வந்தால்தான் திட்டம் நகரும். டைரக்டர் போன வாரமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தொண்ணூத்தொன்பது வந்தாலும் உம்மைத் தூக்கி ஆத்தங்கரைக் காவல் குடிசைல போட்டுடுவேன்."

காவல் குடிசையில் மின்சாரம் கிடையாது. அட்டைப்பூச்சி உண்டு. அங்கே முன்பு போனவர் போகும்போது நல்ல கனத்த சரீரம். திரும்பும்போது அவரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை டைரக்டர் தம் கையாலேயே பெட்டியைத் திறக்கப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குமாஸ்தா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தட்டுகளுக்குப் பதில் கருத்துப் படிவங்கள் பரப்பப்பட்டன. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் அவள் தம்பி.

"ஆளுக்கு முப்பத்துநாலு. மொத்தம் நூத்திரெண்டு. வெளிய மூச்சு விடக்கூடாது."

"அத்தான், நான் அந்த ஆத்தைப் பார்த்ததே இல்லையே?"

"ஆபீஸ்லயே யாரும் பார்த்ததில்ல. எழுதுடா மாப்ள!"

மச்சான் பத்துப் படிவத்தை வலது கையால் எழுதினான், பத்தை இடது கையால் எழுதினான், மீதியைத் தொண்ணூறு வயதுக் கிழவர்போல் நடுங்கி நடுங்கி எழுதினான். ஒரு கட்டத்தில் நிஜமாகவே இருமத் தொடங்கிவிட்டான்.

மனைவியோ தலை நிமிரவே இல்லை. பேனாவிலிருந்து புகை வராத குறை.

"என்னடி இது, இவ்வளவு வேகமா எழுதுற?"

"இருபத்தாறு வருஷமா சேர்த்து வச்சிருக்கேன். இன்னைக்குத்தான என்கிட்ட கருத்துன்னு ஒண்ணு கேட்டிருக்கீங்க?"

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். 'ஆற்றில் குளிப்பவர்கள் ஈரத்துண்டை மரக்கிளையில் உலர்த்த வேண்டும். கட்டிலில் போடக் கூடாது.' இன்னொன்று: 'கரடி குறட்டை விட்டால் எழுப்பலாமா, கூடாதா என்பதைத் திட்டத்தில் தெளிவாக்கவும்.'

"காட்டுல ஏதுடி கட்டில்?"

"பொதுமக்களுக்கு அதெல்லாம் தெரியுமா? உங்க வேலையைப் பாருங்க."

அதுவும் நியாயமாகப் பட்டது. மீதியை அவர் படிக்கவில்லை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய், முதல் படிவத்தைப் பெட்டியின் வாயில் நுழைத்தார். அரை விரல் நீளம் போயிற்று, மடங்கிற்று, நின்றுவிட்டது. ஸ்கேலால் குத்தினார். ஸ்கேல் உடைந்தது. குடைக்கம்பியால் குத்தினார். குடை பொசுக்கென்று விரிந்து, அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"சார், அது உள்ள போகாது. ஏன்னா..." என்று ஆரம்பித்தாள் பெருக்குகிற அம்மாள்.

"தெரியும்மா! உள்ள தகடு துருப்பிடிச்சிருக்கு. எல்லாத்துக்கும் எனக்குப் பாடம் எடுக்க வந்துடு!"

மணி பத்தாகப் போகிறது. அந்த நெருக்கடியில்தான் அவருக்கு மூளை பளிச்சிட்டது. நூற்றிரண்டையும் அடுக்கி, எல்லாவற்றிலும் வரவு முத்திரையைக் குத்தி, சிவப்பு நாடாவால் கட்டி, மேலே எழுதினார்: 'தபாலில் வந்தவை.'

"சார், மக்கள் அத்தனை பேரும் தபால்லயே அனுப்பிட்டாங்க. பெட்டி காலி. திறக்கணும்னு அவசியமே இல்ல," என்று கட்டை டைரக்டர் மேஜையில் வைத்தார்.

டைரக்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாவியைத் தொலைத்து அவருக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. உள்ளே போனால், டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மக்கள்யா! என்ன அறிவு! அதுலயும் இருபது பேர் சொல்லிவச்ச மாதிரி ஒரே விஷயத்தைக் கேட்டிருக்காங்க. கேளும். 'உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்கிற ஓர் அதிகாரியை ஆற்றங்கரைக்கு அனுப்ப வேண்டும். அவர் தாமே தண்ணீர் தூக்கி, தாமே சமைத்து, தாமே பாத்திரம் கழுவ வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட, தொந்தி விழுந்த, சொன்னால் காதில் வாங்காத ஆளாக இருந்தால் மிகவும் நல்லது.'"

படித்து முடித்து நிமிர்ந்தார். குமாஸ்தாவின் கண்ணாடியைப் பார்த்தார். பார்வை மெல்லக் கீழே இறங்கித் தொந்தியில் நின்றது.

"சார், அதெல்லாம் பொய்க் கருத்து சார்!"

"பொய்யா? அது எப்படி உமக்குத் தெரியும்?"

தலைமைக் குமாஸ்தா நாடாவையும் முத்திரையையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"வந்து... இல்ல சார். மக்கள் குரல் சார். ரொம்பச் சரி சார்."

"அப்ப உடனே கிளம்பும். ஜீப் நிக்குது. அந்தக் காலிப் பெட்டியையும் தூக்கிட்டுப் போம், ஆத்தங்கரைல வைக்கலாம்."

வீட்டுக்கு போன் செய்தார். மனைவி பதறிப்போனாள்.

"அய்யய்யோ! பேரே எழுதலையேங்க. நீங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

அவர் டக்கென்று போனை வைத்தார்.

வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. தலைமைக் குமாஸ்தா குனிந்து பெட்டியைத் தூக்கினார். பெட்டி தரையை விட்டு எழும்பவில்லை. மூச்சைப் பிடித்துத் தம் கட்டினார். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன, இடுப்பில் ஏதோ 'படக்' என்றது. பெட்டி மட்டும் மலைபோல் இருந்த இடத்தில் இருந்தது.

"ஏம்மா, ஒரு கை பிடியேன்," என்று முனகினார். "காலிப் பெட்டி என்ன இந்தக் கனம் கனக்குது! ஆமா, நீ என்னமோ ரெண்டு தரம் சொல்ல வந்தியே, என்ன அது?"

அந்த அலுவலகத்தில் அவளிடம் ஒருவர் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, சாவகாசமாகச் சொன்னாள்:

"காலியா? வச்ச பத்தாம் நாளே ஜனங்க எழுதி எழுதித் தொண்டைவரைக்கும் ரொப்பிட்டாங்க சார். ஊசி போக இடமில்லாம அடைச்சுக் கிடக்கிற காயிதம், ஆட்டினா எப்படிச் சத்தம் போடும்?"