செனகல் படத்துக்கு ஜெலுத்தோங் வசனம்

மைக்கைக் கையில் கொடுத்தால் சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு மூளை லீவு போட்டுவிடும். வாய் மட்டும் ஓ.டி. பார்க்கும். பினாங்கு ஜெலுத்தோங் வட்டாரத்தில் கல்யாண விருந்து, பிறந்தநாள், காதுகுத்து எதுவானாலும் மேடையில் அறிவிக்கும் எம்.சி. நான்தான். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் (பள்ளிக்கூடம்தான் எனக்கு விடை கொடுத்தது என்பாள் அக்கா, நம்பாதீர்கள்) வேறு எப்படி மேடை ஏறுவது?

அக்கா தேவி எனக்கு நேர் எதிர். படித்தவள். பினாங்கில் வருடாவருடம் நடக்கும் ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவின் ஏற்பாட்டுக் குழுவில் அவளும் ஒருத்தி. ஜார்ஜ்டவுனில் படம் போடுவார்கள். வெள்ளைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து பார்த்துவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டே பேசுவார்கள். நம் ஆட்களும் பார்க்க வேண்டும் என்று அக்கா குழுவோடு மல்லுக்கட்டி, ஒரே ஒரு காட்சியை ஜெலுத்தோங் சமூக மண்டபத்துக்கு வாங்கி வந்தாள். குழு ஒரு நிபந்தனை போட்டது: கூட்டம் பாதியில் எழுந்து போனால், அடுத்த வருடம் இந்தப் பக்கமே வரமாட்டோம்.

படம் செனகல் நாட்டு மொழியில். கீழே ஆங்கில வரிகள் ஓடும். அதைப் பார்த்து மைக்கில் தமிழில் சொல்ல ஆள் தேவைப்பட்டது.

"நான் இருக்கேன்லா," என்றேன்.

"உனக்கு எங்கடா இங்கிலீஷ் தெரியும்?"

"யூடியூப் எல்லாம் இங்கிலீஷ்லதானே பாக்குறேன்!"

"நீ பாக்குறது பைக் ரிப்பேர் வீடியோ. அதுல எவன்டா பேசுறான்?"

ஆனாலும் வேறு ஆள் கிடைக்கவில்லை. படத்தை முன்கூட்டியே என் போனுக்கு அனுப்பி, முழுதாகப் பார்த்துத் தயாராகச் சொன்னாள். பார்த்தேன். கடல் வந்தது. மறுபடியும் கடல் வந்தது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபம் நிறைந்துவிட்டது. (படம் முடிந்ததும் சாப்பிட மீ ஹூன் உண்டு என்று நான் வாட்சப்பில் போட்ட குரல் பதிவுக்கும் அதில் பங்கு உண்டு.) இயக்குநரை அழைத்துவர அக்கா ஹோட்டலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் படத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

கடல். கரையில் ஒரு பெண் நிற்கிறாள். நின்றுகொண்டே இருக்கிறாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. ஒருவர் கால் ஆட்டினால் வரிசையே ஆடியது. எங்கள் ப்ளாட்டு மணியம் அங்கிள் பைக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, படம் மாட்டிக்கிச்சா? நகரவே மாட்டுது?"

ஒருவழியாக அந்தப் பெண் பேசினாள். நான் மூன்றாவது வார்த்தையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நின்றது. "அவங்க என்னா சொல்றாங்கன்னா... கடலு... கடலு வந்து..." மணியம் அங்கிள் எழுந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். அக்காவின் அடுத்த வருடம் என் கண்ணெதிரே வாசலை நோக்கி நடந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் பஸ்ஸை விட்டு ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"பெரியோர்களே, தாய்மார்களே! இதோ வந்துட்டான் வில்லன்! இந்தம்மாவோட புருசனைக் கடல்ல தள்ளிக் கொன்னவன் இவன்தான்!"

மணியம் அங்கிள் திரும்ப உட்கார்ந்தார். "ஹா, இப்படிச் சொல்லுலா!"

அவ்வளவுதான், பிரேக் அறுந்த லாரியானேன். வில்லன் தண்ணீர் குடித்தால் திட்டம் போடுகிறான், தலையைச் சொறிந்தால் அடியாளுக்குச் சைகை காட்டுகிறான். கூட்டம் பல்லைக் கடித்தது. எனக்கோ ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. மைக் வயர் போகும் தூரம் வரை நடந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தப் பெண் ஓடிவந்து வில்லனைக் கட்டிக்கொண்டு அழும் வரைக்கும்.

பசாரில் மீன் விற்கும் லெட்சுமி ஆன்ட்டி எழுந்தே விட்டாள். "டேய் குணா! கொன்னவனையே கட்டிப் புடிச்சி அழறா? என்னாடா பொம்பள இவ?"

"ஆன்ட்டி, இவரு அவன் இல்ல. அவனோட தம்பி, ரெட்டைப் பொறவி. இவரு நல்லவரு."

"சட்டையும் ஒரே சட்டையா?"

"ஒரே துணியில தைச்சது ஆன்ட்டி."

முன்வரிசையில் என் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் சுதாரிப்பதற்குள் திரையில் அந்தப் பெண்ணின் புருஷன் வந்துவிட்டான். அது பழைய நினைவுக் காட்சியாம். அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

"இது யாருடா?"

"செத்துப்போன புருசன். ஆவியா வந்திருக்காரு."

"ஆவி உக்காந்து சோறு திங்குதேடா!"

"பசிக்காதா ஆன்ட்டி? செத்து எவ்ளோ நாளாச்சி!"

மண்டபமே குலுங்கியது. அடுத்து ஊர்ப் பெண்கள் கூடி ஒரு சட்டையை மண்ணில் புதைத்தார்கள். "நல்லவன் சட்டையா, கெட்டவன் சட்டையா?" என்று மணியம் அங்கிள் கத்த, சிரிப்பு இன்னும் ஏறியது. வாசலில் அக்கா நின்றிருந்தாள். பக்கத்தில் உயரமாக ஒரு பெண், இயக்குநர் ஆவா. கூட்டத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான் சிரிக்கவில்லை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஆவா முன்னால் வந்து என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டாள். அந்த ஒரு கேள்வி மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது: சட்டையைப் புதைக்கும்போது ஏன் சிரித்தார்கள்?

வாழ்நாளில் முதல்முறையாக மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அக்கா மைக்கைப் பிடுங்கி, ஆவா சொல்லச் சொல்லத் தமிழில் சொன்னாள்.

"இது இவங்க அம்மாவோட கதை. அப்பா கடலுக்குப் போனவரு வரல. உடம்பும் கெடைக்கல. அதான் சட்டையைப் பொதைச்சாங்க. பஸ்ல வந்து எறங்குனாரே, அவரு இவங்க மாமா. அம்மாவோட கூடப் பொறந்த தம்பி."



"தாய்மாமனையாடா கொலைகாரன்னு சொன்ன?" என்றாள் லெட்சுமி ஆன்ட்டி. (காதுகுத்துக்குக் காதுகுத்து தாய்மாமனை அடைமொழி போட்டு மேடைக்கு அழைப்பவன் நான். இனி எந்த முகத்தோடு அழைப்பது?) "தேவி, அந்தப் புள்ளகிட்ட நாங்க மன்னிப்பு கேட்டோம்னு சொல்லு. படத்தை மொதல்லேர்ந்து போடு. நீ படி. இவன் வாயத் தொறந்தான், மீன் வெட்டுற கத்தி வரும்."

மணியம் அங்கிள் சாவியைப் பையில் போட்டுவிட்டு, தானே போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டாவது முறை ஓடியதும் அதே கடல்தான். அக்கா அளவாகத்தான் பேசினாள். நான் உள்ளங்கைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து மாமா இறங்கியதும் யாரோ கைதட்டினார்கள். சட்டையைப் புதைத்தபோது ஒரு நாற்காலி சத்தம்கூட இல்லை. லெட்சுமி ஆன்ட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்திலிருந்த ஆவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீ ஹூன் ஆறிப்போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சாப்பிடும்போது, நான் சொன்ன கதை என்னவென்று ஆவா கேட்டாள். அக்கா சொன்னாள். ரெட்டைப் பிறவி வரைக்கும் ஆவா தாக்குப்பிடித்தாள். ஆவி சோறு தின்ற இடத்தில் தட்டை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ஜெலுத்தோங் காட்சி அதற்குப் பிறகு ஒரு வருடமும் நிற்கவில்லை. எனக்கு நாற்காலி அடுக்கும் வேலை. விழா நேரத்தில் ஆவா வீடியோ கால் போட்டால், பின்னால், என் கதையை அவள் சொல்லிக் கேட்ட அவளுடைய நிஜ மாமாவே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். என்னைக் கண்டதும் விரலால் கழுத்தை அறுத்துக் காட்டுவார். உடனே அம்மா என்னைத் தள்ளிவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொள்வாள்.

"கொலகாரண்ணே, முட்டி வலி தேவலையா? தேவி, நீ வந்து சொல்லுடி. இவன்கிட்ட விட்டா அவருக்குக் காலே இல்லன்னுருவான்."