மூச்சை மிச்சம் பிடித்தவர்

உயிர் என்பது யாது என்னும் வினாவில் என்னைத் தோற்கடித்தவர் இவ்வுலகில் ஒருவரே. உத்திரமேரூரில் வந்தவாசி சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிறவர். ஊரார்க்கு 'மூச்சு நைனா'. இயற்பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது ஐயம்.

கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச யோகா முகாமே தொடக்கம். "மனிதனின் ஆயுள் ஆண்டுகளால் அன்று, மூச்சுகளால் அளக்கப்படுகிறது" என்றார் பயிற்சியாளர். மற்றவர்கள் கைதட்டிவிட்டுச் சுண்டல் வாங்கப் போனார்கள். நாள்தோறும் காற்றை அளந்து அடைக்கும் நைனாவோ அதை அப்படியே நம்பிவிட்டார்.

மறுநாள் முதல் மூச்சுச் சிக்கனம். பேச்சு மூச்சைத் தின்னுமாதலால் சைகை மட்டுமே: முன் சக்கரத்துக்கு ஒரு விரல், பின் சக்கரத்துக்கு இரண்டு. இச்சட்டம் அறியாமல் விரல் நீட்டிய டிராக்டர்காரர் ஒருவர், தம் நல்ல சக்கரம் கழற்றப்படுவதைக் கண்டு அலறினார். வால்வில் தூசி அடைத்தால் முன்பெல்லாம் நைனாவே வாயால் ஊதுவார். இப்போது என்னிடம் நீட்டினார்.

"உன் வண்டி, உன் மூச்சு. நீயே ஊது சார்."

ஊதினேன். தூசி என் கண்ணுக்கு வந்து சேர்ந்தது.

அத்தனை சிக்கனத்திலும் என்னிடம் மட்டும் வாய் திறப்பார், பெரும்பாலும் ஐயம் கேட்க. நான் தமிழாசிரியன், விடியலில் பிராணாயாமம் பழகுகிறவன் என்ற மதிப்பு.

"பிராணன்னா காத்துதானே சார்?"

"இல்லை நைனா. காற்றை உள்ளே இயக்குகிற சக்தி."

"அப்போ கம்ப்ரசரு."

"கம்ப்ரசர் உடம்பு என்று வைத்துக்கொள்."

"அப்போ கரண்டு. ஆனா கரண்டு போனாலும் டயர்ல காத்து அப்டியே கீதே! அது யாரு?"

திணறிப்போய், பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன் என்று ஐந்தையும் அடுக்கினேன். "ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு. சரிதான்" என்று தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது, அதுவரை விளங்கியிருந்த எனக்குத்தான் எல்லாம் குழம்பிவிட்டது.

ஒருநாள் நண்பகல், என் வண்டியின் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழியைத் தேடியபடி மூச்சை அடக்கினார். குமிழி வந்தது, மூச்சு வரவில்லை. கண் செருகித் தொட்டிக்குள்ளேயே முகம் கவிழ்ந்தார். சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி அஞ்சலை தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் இளைப்பு நோய்க்காரி. நாலடி நடந்தாலே நெஞ்சுக்குள் விசில் கேட்கும். நானும் அவளுமாய்த் தூக்கி நிமிர்த்தி உலுக்கியதில் நைனா கண் விழித்தார்.

"யோவ், இன்னாயா இது? மூச்ச புடிச்சிக்கினு... குந்திகினு... செத்து கித்து போய்ட்டீன்னா?" அவளுக்குப் பேச்சைவிட இரைப்பே மிகுதியாய் வந்தது.

நைனா அவளைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்.

"சார், இது ஒரு நாளைக்கி மூணாளு மூச்சு வுடுது. எல்லாம் சீக்கிரம் தீந்துடுமே. நான் மிச்சம் புடிச்சா இதுக்கு ஏத்தி வுட முடியுமா? புக்குல எங்கனா எய்தி கீதா?"

கற்ற நூல்களையெல்லாம் மனத்துள் புரட்டினேன்.

அஞ்சலை சுருக்குப்பையிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த இழுப்பு மருந்தை எடுத்து இருமுறை இழுத்தாள். பிறகு அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எனுக்கு மருந்து கீதுய்யா. நீ இல்லன்னா எனுக்கு இன்னா கீது? வுடு மூச்ச!"

விட்டார், கூடவே விம்மினார்.

பிராணன் எதுவென்று எனக்கு இன்றும் தெளிவில்லை. விடியற்காலையில் மூச்சை அடக்கி அமரும்போதெல்லாம், அவர்கள் இருவருக்கும் போய்ச் சேரட்டும் என்று ஒன்றிரண்டு மூச்சை மெல்ல வெளியே விடுகிறேன். நூலில் அதற்கு இடமில்லைதான்.