சுருட்டுக் காரும் நாலு எலுமிச்சம்பழமும்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர் கடை. அந்தக் கடையில ஒரே ஒரு கார். அந்தக் காருக்குக் கூரை இல்ல, கதவு இல்ல, பெட்ரோலும் இல்ல.

ஊர் மலையாளக் கரையில மட்டாஞ்சேரி. கடை நாசர் இக்காவோடது; இங்க அண்ணனை இக்கான்னுதான் கூப்பிடுவாங்க. கார் என்னோடது.

அன்னிக்கு எனக்கு ஒரே வேலை. அந்தக் காரை ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டணும். அவ்வளவுதான்.

ரேஸ் கேம்ல நாமளே கார் செஞ்சு சேர்க்கலாம்னு தெரிஞ்சதுலேர்ந்து எனக்குக் கிறுக்கு. எல்லாரும் புதுக் கார் செய்வாங்க. நான் அறுபதுகள்ல ஓடின பழைய ரேஸ் காரைச் செஞ்சேன். உடம்பு சுருட்டு மாதிரி நீளமா இருக்கும், நாலு சக்கரமும் வெளியில துருத்திக்கிட்டு நிக்கும். பழைய போட்டோவைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு ஆணியா வச்சுச் செஞ்சேன். வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் இக்கா கடையில, கூட்டமில்லாத நேரத்துல.

ஒருநாள் இக்கா சொல்லிட்டாரு. "மோனே, உன் வண்டி என் கம்ப்யூட்டர்ல இடத்தை அடைச்சுக்கிட்டுச் சும்மா கிடக்குது. ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாடியும் ஒரு ரவுண்டு ஓட்டு. ஓடினா இருக்கட்டும். ஓடலைன்னா அழிச்சிடுவேன், கேட்டியா?"

"சரி இக்கா"ன்னேன். நான் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்வேன். வியாதியே அதுதான்.

சனிக்கிழமை வீட்ல வாய் தவறி, "நாளைக்கு என் காரோட முதல் ஓட்டம்"னு சொல்லித் தொலைச்சேன்.

மாமா காதுல விழுந்துடுச்சு. மாமா கார்ப்பரேஷன் தண்ணி லாரி ஓட்டறவர். சாயங்காலமே மஞ்சப்பையோட கடைக்கு வந்துட்டாரு.

"புது வண்டி இறக்கறவன் சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைக்காம இறக்குவானாடா?"

மானிட்டருக்குக் குங்குமம் வச்சாரு. அதுக்கு முன்னாடி நாலு பழத்தை வரிசையா வச்சாரு. ஒரு எட்டு பின்னால போய் நின்னு பார்த்தாரு. முகம் மாறிடுச்சு.

"சக்கரம் உள்ள இருக்கு. பழம் வெளிய இருக்கு. இது எப்படிடா நசுங்கும்?"

"நசுங்காது மாமா."

"அப்போ பழத்தை உள்ள வை."

"சரி மாமா."

பார்த்தீங்களா வியாதியை!

உட்கார்ந்து எலுமிச்சம்பழம் செஞ்சேன். காம்பு வரைக்கும் அச்சு அசல். ஆனா அந்த கேம்ல ஒரு பொருளை ரோட்டுல வைக்கணும்னா, அது எவ்வளவு கனம், எவ்வளவு கெட்டின்னு எழுதணும். எலுமிச்சம்பழத்துக்கு என்ன எழுதறது? தெரியல. கேம்ல ரோட்டோரமா இருந்த கான்கிரீட் சுவரோட கணக்கை எடுத்து அப்படியே ஒட்டிட்டேன். சக்கரத்துக்கு ஒண்ணா நாலு பழம்.

ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஏரியா சுள்ளிக்கல் பசங்க வரைக்கும் வந்து நிக்கறாங்க. பச்சை விளக்கு எரிஞ்சுது. பெடலை மிதிச்சேன்.

இன்ஜின் அலறுது. மத்த காரெல்லாம் பறந்துடுச்சு. நம்ம கார் நின்ன இடத்துலயே நிக்குது!

"எடா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கோ?"ன்னான் என் கூட்டாளி பிஜு.

"பழம் நசுங்கலையேடா!" இது மாமா.

இக்கா குனிஞ்சு திரையில பழத்தைப் பார்த்தாரு. "இது நாரங்காயா, பாறாங்கல்லா?" அவர் கை மெதுவா மவுஸ் பக்கம் வந்துச்சு. "மோனே, ஓடலைல்ல? அழிக்கட்டா?"

"இக்கா, ஒரே ஒரு நிமிஷம்!"

பின்சக்கரத்துப் பழமும் முன்பக்கமாத்தான் வச்சிருந்தேன். அதனால ரிவர்ஸ் எடுத்தா நகர்ந்துச்சு. அப்பாடா! பழத்துக்கு ஓரமா வளைச்சுக்கிட்டுப் போயிடலாம்னு ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

மாமா தோளைப் பிடிச்சாரு. "ஏய்! பழத்தை ஒதுக்கிட்டா போற? என் சர்வீஸ்ல ஒருநாள் ஒதுக்கினதில்ல. வண்டிக்கு ஆகாது. ஏத்துடா!"

மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா?

"சரி மாமா."

நல்லா பின்னால போயி, முழுசா மிதிச்சு வந்து ஏத்தினேன்.

ஏறிச்சு. ரோட்டை விட்டு, விளம்பரப் பலகையை விட்டு, ஜனங்க உட்கார்ற காலரியை விட்டு ஏறிச்சு. கொஞ்ச நேரத்துல திரையில வெறும் நீல வானம்.

"எங்கடா காணோம்?"ன்னாரு மாமா.

"வெலிங்டன் தீவு தாண்டியிருக்கும் மாமா"ன்னான் பிஜு.

அப்புறம் தலைகுப்புற வந்து காலரிக் கூரை மேல விழுந்துச்சு. நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

கண்ணை மூடிக்கிட்டேன். இப்போ இக்கா அழிச்சிடுவாரு.

"ஒண்ணு கூடி!"ன்னு ஒரு குரல். அதாவது, இன்னொரு தடவை! கண்ணைத் திறந்தா, இக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறாரு. "நீ எழுந்திரு மோனே, நான் ஏத்தறேன்!"

அவருக்குப் பின்னால வரிசை நின்னுடுச்சு. பிஜு மட்டும் ஆகாசத்துல மூணு குட்டிக்கரணம் போட வச்சான். கடை முழுக்கக் கைதட்டல். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. நான் வச்ச ஆணியையும் எவனும் பார்க்கல.

"அப்போ அழிக்கலையா இக்கா?"

"இதைப் போய் யாராவது அழிப்பாங்களாடா? நீ அந்தப் பழத்துல மட்டும் கை வைக்காதே!"

மத்தியானம் சோத்து நேரத்துக்கு ஒவ்வொருத்தனா கலைஞ்சாங்க. இக்காவும் சாவியை என்கிட்ட கொடுத்துட்டு வீட்டுக்குப் போனாரு. கடைசியா மாமா மஞ்சப்பையை உதறி மடிச்சாரு. வாசல்ல நின்னு, திரையில தலைகீழா கிடந்த காரை ஒரு தடவை பார்த்தாரு.

"பூசணிக்காயும் சுத்தி உடைச்சிருந்தா, நேரா இறங்கியிருக்கும்"னு சொல்லிட்டு நடையைக் கட்டினாரு.