‘அப்புறம்’ பொத்தானும் என் தனிக்குடித்தனமும்

அன்பும் அறிவும் குறையாத மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். அங்கே நீயும் என் மகனும் சௌக்கியமா என்று அறிய ஆவல்தான். ஆனால் இந்தக் கடிதத்தில் கோபம் முதலில் வரும், ஆவல் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ “மாமா, ஒரு நிமிஷம் மாமா” என்று நடுவில் புகுந்து சிரிக்க வைத்துவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

நேரத்துக்கு மணியடித்து மாத்திரை போடச் சொல்லும் உங்கள் மென்பொருளை, நீயும் உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்களும் சம்பளமில்லாமல் சேர்ந்து கட்டுகிறீர்களே என்ற பெருமையில், உன் அத்தையின் போனில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். அவளுக்குக் காலையில் ரத்த அழுத்த மாத்திரை. மணி அடித்தால் திரையில் ‘போட்டாச்சு’ என்று ஒரு பொத்தான், ‘அப்புறம்’ என்று ஒரு பொத்தான். உன் அத்தை ‘அப்புறம்’ என்பதை அழுத்துவாள். மறுபடி அடிக்கும், மறுபடி அழுத்துவாள், மாத்திரை அப்படியே இருக்கும். நான் வேலைக்காலம் முழுவதும் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். லிஃப்டில் ‘அப்புறம்’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால் இந்த ஜனங்களில் ஒருவரும் மாடி போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். உங்கள் நிரலோ, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து ரிப்பேர் பாருங்கள் என்று கதவைத் திறந்துபோட்ட வீடு. நானும் எந்த வகுப்புக்கும் போகாமல், நூலகத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாக நிரல் எழுதப் படித்தவன். உள்ளே போனேன், அந்தப் பொத்தானைக் கழற்றினேன், திருத்தத்தை முறைப்படி அனுப்பினேன்.

முறைப்படி என்றால், கூடவே விளக்கம் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, “பெருமதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு” என்று தொடங்கி, குடும்ப நிலவரம், அத்தையின் உடல்நிலை, இன்றைய லிஃப்டுகளின் தரம் எல்லாவற்றையும் விளக்கினேன். உடனே பதில்: தங்கள் முதல் பங்களிப்புக்கு மிக்க நன்றி, ஆனால் நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையில் தேறவில்லை. இவ்வளவு மரியாதையானவரா என்று நானும் நன்றி கூறி, அந்தச் சோதனையின் மேல் எனக்குள்ள ஆட்சேபங்களை எழுதினேன். திருத்தி அனுப்பினேன், அதே நன்றி, அதே தோல்வி. பிடிவாதக்காரர், எனக்குப் பிடித்த ஆள் என்று அவர் வீட்டில் எல்லாரும் நலமா என்றும் விசாரித்தேன். கடைசியில் நீ வந்து ஊரறிய எழுதுகிறாய்: “மாமா, அது ஆள் இல்ல, தானா பதில் போடுற புரோகிராம்.” அதன் கீழே யார் யாரோ சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள்.

அதோடு விட்டாயா? இவர் என் மாமனார், ஆகவே இவருடைய திருத்தத்தை ஏற்பதோ மறுப்பதோ நான் செய்யக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டாய். நம் குடும்பத்தில் ஒருவருக்கு அதிகாரம் கிடைத்தும் குடும்பத்துக்கு உபயோகப்படாமல் போனது இதுதான் முதல் தடவை. உன் இடத்தில் வந்து உட்கார்ந்தவர், படத்தில் தொப்பி மட்டுமே தெரிகிற ஆசாமி. தொப்பி என்ன எழுதினார்? மணி அடிக்கும்போது குளிப்பவரும் வண்டி ஓட்டுபவரும் என்ன செய்வார்கள், ‘அப்புறம்’ இருக்கத்தான் வேண்டும், தங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் நிரலைப் பிரதி எடுத்துத் தனியாக நடத்திக்கொள்ளலாம், அதற்குத் தங்களுக்கு முழு உரிமை உண்டு என்று.

தனியாகப் போ என்று என்னிடமா! கொதித்துப்போய் உன் அத்தையிடம் சொன்னேன்.

“உரிமை இருக்குன்னுதானே சொல்றாரு? நம்ம பையனும் மருமகளும் வேற வீடு பாத்தப்போ நீங்களும் இப்படிச் சொல்லியிருந்தா, அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“இது வேற, அது வேற.”

“எது வேற?”

பதில் சொல்ல நேரமில்லை. பிரதி எடுக்கிற வேலை இருந்தது. ஆமாம், நான் தனிக்குடித்தனம் போய்விட்டேன். என் பிரதியில் ‘போட்டாச்சு’ மட்டும்தான். அழுத்தும் வரை மணி நிற்காது. அதைத்தான் உன் அத்தையின் போனில் ஏற்றினேன். உன் அத்தையும் ஒரே அழுத்தில் அழுத்தினாள், வீடு அமைதியானது. தொப்பிக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்த வேளையில் டாக்டரிடம் போனோம். கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் அம்மாள், “மாத்திரையைப் போடுறீங்களா, இல்ல அழகுக்கு வெச்சிருக்கீங்களா?” என்றார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால், வாங்கிய மாத்திரை அட்டை அப்படியே முழுசாக இருக்கிறது.

“வெறும் வயித்துல போட்டா குமட்டுதுங்க. சாப்பிட்டுத்தான் போடணும். நீங்க அந்தக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தாத்தானே நான் சாப்பிட உக்கார முடியும்? நீங்க எழுந்து வர்றதுக்குள்ள எனக்கு மாத்திரையே மறந்துடுது. ‘அப்புறம்’னு உண்மையைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்த பட்டனைப் பிடுங்கிட்டு என்னைப் பொய் சொல்ல வெச்சதே நீங்கதான்!”

இதில் என் தவறு என்ன இருக்கிறது, நீயே சொல். ‘சாப்பிட்டதும்’ என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! அதை அழுத்தினால் சற்றுப் பொறுத்து “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கும்; ஆச்சு என்றால்தான் மாத்திரையை நினைவூட்டும். நானே எழுதினேன். கடைசி வாய்ப்பாகத் தொப்பிக்கும் அனுப்பினேன், இந்த முறை குடும்ப நிலவரம் இல்லாமல், சாப்பிடாதவர்கள் பொய்யாக ‘போட்டாச்சு’ அழுத்துகிறார்கள் என்று ஒரே வரியோடு. பதிலே இல்லை. ஆகவே என் முடிவைக் கேள். அந்தத் தொப்பியோடு எனக்கு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பங்களித்தவர்கள் என்று நீங்கள் போடும் எந்தப் பலகையிலும் என் பெயர் வரக் கூடாது. நான் என் பிரதியோடு தனியாகவே இருந்துகொள்வேன். உங்கள் புது வீட்டுக்கு வருவது பற்றியும் என்னிடம் யாரும் பேச வேண்டாம்.

கோபத்திலும் என் ஆசிக்குக் குறைவில்லை. இருவரும் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, நேரத்துக்குத் தூங்கி, நீடூழி வாழ்க.

மாறாத மனதுடன்,
உன் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பதில் வந்துவிட்டது. ‘சாப்பிட்டதும்’ பொத்தானை ஏற்றுக்கொண்டார்கள். “என் அம்மாவும் பொய்தான் அழுத்திக்கொண்டிருந்தார், இன்றுதான் விசாரித்தேன்” என்று தொப்பி எழுதியிருக்கிறார், தங்கமான மனிதர். எந்திரமும் நன்றி சொன்னது, எந்திரம் என்று தெரிந்தும் பதில் நன்றி போட்டேன். தனியாகப் போனவர் வீட்டிலிருந்து நல்லது வந்தால் பெரிய வீடு அதை வாங்கி வைத்துக்கொள்ளுமாம், அதுதான் இந்தத் துறையின் வழக்கமாம். யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம். ஆகவே மேலே எழுதியதைப் படிக்காதே. பலகையில் என் பெயரைப் பிழையில்லாமல் போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே வருகிறோம். உங்கள் கட்டடத்து லிஃப்ட் ஆடுகிறது என்று மகன் சொன்னான். அதைப் பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை.

உன் அத்தை கூப்பிடுகிறாள்: “எழுந்து வாங்க, நானும் மாத்திரையும் காத்துக்கிட்டு இருக்கோம்!” இதோ அப்புறம் வருகிறேன் என்றேன். “அந்த பட்டனைத்தான் எடுத்துட்டீங்களே!” என்கிறாள். போகிறேன்.