பதினேழு ஸ்லைடும் ஒரு டி-ஷர்ட்டும்

ஒரு விளையாட்டை எதிர்த்துப் பேசப் போய், பேச வாயைத் திறப்பதற்கு முன்பே அந்த விளையாட்டில் கையை உடைத்துக்கொண்டவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஒருத்தி இருக்கிறேன். விளையாட்டின் பெயர் சியர்லீடிங். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.

நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் மனிதவளத் துறையில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, வேலையிடத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று மூன்று மணி நேரம் வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. (நடுவில் சூடாகக் கறி பஃப் உண்டு. பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும்.) அதனால் வீட்டிலும் இந்த விஷயத்தில் கடைசி வார்த்தை என்னுடையது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. என் கணவர் கதிர் ரயில் பராமரிப்பில் டெக்னீஷியன். அவர் கடைசி வார்த்தைக்கு என்றுமே போட்டி போட்டதில்லை. முதல் வார்த்தைக்கும் போட்டதில்லை.

சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் மகள் இலக்கியா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“மா, என்னை டீம்ல எடுத்துட்டாங்க. போட்டிக்குப் போகணும்னா திங்கக்கெழமைக்குள்ள ஃபார்ம்ல சைன் வேணும்.”

“எந்த டீம்?”

“சியர்லீடிங்.”

வருடத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாளாம், ‘ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி ஒண்ணு’ என்று. நான் முதல் சொல்லோடு காதை மூடிக்கொண்டேன் போலிருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

“பையனுங்க விளையாடுவாங்க, நீ ஓரமா நின்னு குதிச்சு அவங்களுக்குக் கைதட்டணுமா? அதெல்லாம் எந்தக் காலத்துலயோ போச்சு.”

“நாங்க யாருக்கும் கைதட்டல மா. இது தனிப் போட்டி. எங்களுக்குத்தான் மத்தவங்க கைதட்டணும். டீம்ல பையனுங்களும் இருக்காங்க லா.”

“எத்தனை பேரு?”

“மூணு.”

“பொண்ணுங்க?”

“பன்னெண்டு.”

“பாத்தியா” என்றேன். எதைப் பார்க்கச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “அந்தக் குட்டைப் பாவாடை வேற.”

“அண்ணா வாட்டர் போலோவுக்குப் போட்டத விட அது பெருசுதான்.”

இது நியாயமில்லாத அடி. என் மகன் பள்ளியில் வாட்டர் போலோ விளையாடியபோது போட்டிருந்தது கைக்குட்டையில் தைத்தது போலத்தான் இருக்கும். அந்தக் கோலத்தில் அவன் கோப்பையோடு நிற்கும் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, திருநெல்வேலியில் இருக்கும் பெரியப்பா வரைக்கும் பார்க்க வைத்தது நான்தான்.

“அது வேற” என்றேன். (வகுப்பில் யாராவது இந்த இரண்டு சொற்களைச் சொன்னால் நிறுத்தி, ஏன் வேறு என்று விளக்கச் சொல்வேன்.)

இலக்கியா படிவத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. கேட்டு வாங்கும் பழக்கமே இல்லாத பிள்ளை அவள். அண்ணனுடைய பழைய சைக்கிளையும் பழைய மடிக்கணினியையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டவள். பதினான்கு வருடத்தில் முதன்முறையாக ஒன்றை வேண்டும் என்று வந்து நின்றிருந்தாள். திங்கட்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். இருந்தாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பள்ளி மண்டபத்தில் பெற்றோருக்கான பயிற்சிக் காட்சி இருந்தது. கடைசியில் எனக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘தாராளமாக வாருங்கள், வசதியான உடையில் வாருங்கள்’ என்று பதில் வந்தது. நான் அதை மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டு, மூன்று நாள் உட்கார்ந்து பதினேழு ஸ்லைடுகள் தயாரித்தேன். நான்காவது ஸ்லைடு: பெண்கள் மட்டும் ஏன் எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்? ஒன்பதாவது: பையன்களுக்கு முழுநீளக் கால்சட்டை, பெண்களுக்கு ஏன் அரைச் சாண் பாவாடை? பதினான்காவது, என் பெருமைக்குரியது: பெண்ணை மற்றவர்கள் பார்ப்பதற்காக நிறுத்திவைக்கும் எதுவும் விளையாட்டு ஆகுமா? அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

கதிரிடம் காட்டினேன். பதினேழையும் பார்த்தார். “எழுத்து நல்லா தெரியுது” என்றார்.

பயிற்சியாளரின் பெயர் மெய் லிங். உயரம் ஐந்தடிக்கும் குறைவு, குரல் மட்டும் மண்டபத்துக்கு வெளியே வரைக்கும். பிள்ளைகள் பதினைந்து பேரும் ஒருவரை ஒருவர் தூக்கி, எறிந்து, பிடித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முறை இலக்கியா மேலே போனபோதும் நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் நன்றாகச் செய்தாள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் தேர்வு மேற்பார்வையாளர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மடியில் மடிக்கணினியோடு.

மெய் லிங் நேராக என்னிடம் வந்தார். (ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.) “உங்கள் கேள்விகளைக் கேட்க ஆவலாக இருக்கிறேன். அதற்கு முன் ஒரே ஒரு முறை உங்கள் மகளைத் தூக்கிப் பார்க்கிறீர்களா? தூக்கிய பிறகு பேசினால் இன்னும் நன்றாக இருக்கும்.”

அத்தனை பெற்றோரும் என்னைப் பார்த்தார்கள். பின்வாங்குவது என் பரம்பரையிலேயே கிடையாது. எழுந்தேன், துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்றார். கதிர் ஏற்கெனவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டிருந்தார்.

செய்ய வேண்டியது சின்னப் பிள்ளைகளுக்கே முதல் பாடமாகச் சொல்லித்தருவதுதான். நானும் கதிரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி நிற்க வேண்டும். இலக்கியா என் தொடையில் ஒரு காலும் அவர் தொடையில் ஒரு காலும் வைத்து ஏறி நிற்பாள். நாங்கள் ஆளுக்கு ஒரு கையால் அவள் பாதத்தையும் மறு கையால் முழங்காலையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு பையன் அவள் இடுப்பைத் தாங்கி நிற்பான். அவ்வளவுதான்.

“ஒரே ஒரு விதி,” என்றார் மெய் லிங். “மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் நான் சொல்லும் வரை காலை விடக் கூடாது. மேலே இருப்பவள் உங்களை நம்பித்தான் கையைத் தூக்குகிறாள்.”

நான் தலையாட்டினேன். ஈக்கெல்லாம் விடுகிற ஆளா நான்.

இலக்கியா ஏறினாள். என் தொடை அலறியது. ஆனால் நின்றது. என் பெண்ணின் எடை முழுக்க என் மேல் இருந்தது, நான் தாங்கினேன். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து எந்த விளையாட்டிலும் ‘நீ மதிப்பெண் எழுது’ என்று உட்கார வைக்கப்பட்ட எனக்கு அது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஸ்லைடில் இரண்டை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே விரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். கை மேலே போனதால் டி-ஷர்ட்டும் மேலே போயிருந்தது. வயிறு நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. எதிரில் பத்துப் பதினைந்து அப்பாக்கள், கையில் எல்லாம் போன்.

அடுத்து நடந்ததற்கு என் மூளை பொறுப்பல்ல. அதைக் கேட்டிருந்தால் அது சரியான பதிலைச் சொல்லியிருக்கும், ஸ்லைடோடு. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்திருந்த என் வலது கை, காலை விட்டுவிட்டு, தானாக மேலே போய், டி-ஷர்ட்டின் விளிம்பைப் பிடித்து, பலமாகக் கீழே இழுத்து விட்டது.

டி-ஷர்ட் இறங்கியது. அதற்குள் இருந்த என் மகளும் சேர்ந்து இறங்கினாள்.

பின்னால் நின்ற பையன் அவள் இடுப்பைப் பிடித்துவிட்டான். அவள் பழகியவள், பூனை மாதிரி ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டாள். பழகாதவள் நான்தான். மடக்கிய காலோடு பக்கவாட்டில் சரிந்து, மெத்தை முடிகிற இடத்தில் சரியாகக் கையை ஊன்றினேன். மணிக்கட்டில் முறுக்கு உடைகிற சத்தம் கேட்டது. படுத்தபடி பார்த்தால் கதிர் இன்னும் அதே நிலையில் நின்றுகொண்டிருந்தார். இலக்கியாவின் ஒரு கால் அவர் கையில் பத்திரமாக இருந்தது.

“நான் விடல,” என்றார்.

மெய் லிங் ஓடிவந்து பனிக்கட்டிப் பையை வைத்தார். “ஏன் விட்டீர்கள்? வலித்ததா? பயமா?”

இலக்கியாதான் சொன்னாள். “டி-ஷர்ட்டை இழுத்து விட்டாங்க, கோச்.”

மெய் லிங்குக்குப் புரியவில்லை. ஆனால் பெற்றோர் வரிசையில் இருந்த அம்மாக்கள் அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. தலையில் தூடோங் கட்டியிருந்த ஒரு மலாய் அம்மா வந்து என் தோளைத் தட்டி, “நானாக இருந்தாலும் இழுத்திருப்பேன், சிஸ்டர்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். பதினேழு ஸ்லைடுகளோடு வந்தவளுக்கு அதைவிடப் பெரிய அடி வேறு இல்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரேக்காகக் காத்திருந்தபோது கதிர் காப்பி வாங்கப் போனார். இலக்கியா என் பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மா, உங்க லேப்டாப்ல அந்தப் பதினாலாவது ஸ்லைடப் பாத்தேன். பொண்ண எல்லாரும் பாக்கறதுக்காக நிக்க வைக்கறாங்கன்னு போட்டிருந்தீங்கல்ல.”

“ம்.”

“அங்க யாருமே என் வயித்தப் பாக்கல. நான் விழுந்துருவேனோன்னுதான் பாத்தாங்க. நீங்க மட்டும்தான் வயித்தப் பாத்தீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவள் வெறுமனே நடந்ததைச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மணிக்கட்டு வலியைவிட அது பெரிதாக இருந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் மணிக்கட்டும் நன்றாகவே வலித்தது. “தப்புத்தான்மா” என்றேன். அலுவலக வகுப்பில் மூன்று மணி நேரத்தில் சொல்லாத ஒன்றை அன்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தை எடுத்து, கட்டுப் போட்ட கையை ஓரமாக வைத்துவிட்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கரப்பான்பூச்சி மையில் நடந்த மாதிரி வந்தது. செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து தொலைபேசி. உங்கள் மகள் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டாளோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார்கள். இல்லை, நான்தான் போட்டேன், முழு மனதோடு போட்டேன் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆறு வாரம் கட்டு. தேக்கா சந்தைக்குப் போனால் கதிர் எனக்காகப் பதில் சொல்வார். ஆட்டுக்கறிக் கடை பாய், “என்னம்மா கையில?” என்று கேட்டார். “சியர்லீடிங் பண்ணாங்க, விழுந்துட்டாங்க” என்றார் கதிர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அரைக் கிலோ கறி கேட்டவளுக்கு, கேட்காமலே சூப்புக்கு எலும்பு சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்.

கொள்கையை நான் மொத்தமாகக் கைகழுவிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினாறு ஸ்லைடுகளை அழித்தேன், ஒன்பதாவதை அழிக்கவில்லை. பையனுக்கு முழுக்கால் சட்டை, பெண்ணுக்கு அரைச் சாண் பாவாடை என்பது அன்றும் தப்பு, இன்றும் தப்பு. அந்த ஒரு கேள்வியை இடது கையால் எழுத்து எழுத்தாகத் தட்டி மெய் லிங்குக்கு அனுப்பினேன். அவர் அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார். நான் எதிர்பார்த்தது எல்லோருக்கும் நீளக் கால்சட்டை. அவர்கள் முடிவு செய்தது எல்லோருக்கும் அரைக்கால் சட்டை, பையன்களுக்கும் சேர்த்து. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. போட்டியன்று இலக்கியா மூன்று பேரின் கைகளில் ஏறி நின்றாள். நான் பார்வையாளர் வரிசையில், நல்ல கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் நான் யாருடைய சட்டைக் காலரைத் தொட்டாலும், “கால விட்டுறாதீங்க” என்று ஒரு குரல் வரும். மகன் சொல்வான், மகள் சொல்வாள், நடந்தபோது இந்தக் குடும்பத்திலேயே இல்லாத என் மருமகள்கூடச் சொல்கிறாள்.

போன வருடம் காத்தோங்கில் என் நாத்தனார் மகள் கல்யாணம். மேடையில் குடும்பப் படம். எனக்கு முன்னால் இலக்கியா, புதுப் பட்டுச் சேலையில். முந்தானை நழுவி இடுப்பு தெரிந்தது. புகைப்படக்காரர் மூன்று எண்ணத் தொடங்கினார். என் வலது கை புறப்பட்டது. வரிசையின் அந்தக் கடைசியிலிருந்து, வருடத்துக்கு நாலு வார்த்தை பேசும் என் கணவர், மேடைக்கே கேட்கும்படி சொன்னார்: “கால விட்டுறாத.”

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோம். மணமக்கள் உட்பட இருபது பேர் வளைந்து நெளிந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நடுவில் அந்தரத்தில் நிற்கும் என் கையைக் காட்டிக் கதை கேட்பார்கள், கதிர் சொல்வார். அந்தக் கைக்கும் சேலைக்கும் இடையில் ஓர் அங்குலம் இடைவெளி இருக்கிறது. நான் தொடவில்லை. அதை யாராவது கவனித்துச் சொல்வார்கள் என்று ஒரு வருடமாகக் காத்திருக்கிறேன்.