கோல் கம்பத்தில் என் முகம்

பந்து பார்க்கப் போகிறவனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் உரிமைதான் உண்டு. கோச்சைத் திட்டுவது. அவனுக்கு ஓடத் தெரியாது, உதைக்கத் தெரியாது. ஆனால் யாரை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று மட்டும் அத்துப்படி. ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் அரிசி போனது, சீனி போனது, துணி போனது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டோம். கடைசியில் கோச்சைத் திட்டும் உரிமையும் போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மெர்போக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். எனக்கு அப்போது இருபது வயது, வேலை கித்தாமரம் சீவுவது. ஆனால் சின்னையா என்றால் மரம் சீவுகிறவன் என்று யாரும் அடையாளம் சொல்ல மாட்டார்கள், ‘திடல்ல கத்துவானே, அவன்’ என்பார்கள். எங்கள் பழைய கோச்சு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். சாதுவான மனிதர். வாரம் முழுக்க எங்கள் புண்ணுக்கு மருந்து போடுவார், ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் புண்படுவார். “டிரஸ்ஸரே, பந்துக்கும் மயக்க மருந்து குடுத்துட்டீங்களா, நகரவே மாட்டேங்குதே” என்று நான் கத்தினால் திடலே சிரிக்கும். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். (அவருக்கு உள்ளே எவ்வளவு எரிந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.)

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஒரு ஜப்பான்காரத் துரை வந்து உட்கார்ந்தார், அவரைத் துவான் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில், எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, இனிமேல் பந்து கோச்சும் தானே என்று மலாயில் அறிவித்தார். நாங்கள் குனிந்து வணங்கினோம். ரசிகர்களான எங்கள் கருத்தை யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் அவர் ஆட்டக்காரர்களைப் பந்தையே தொடவிடவில்லை. கையைத் தூக்கு, காலைத் தூக்கு, ஓடு, நில். பழைய நாளாக இருந்தால் இதற்கே நான் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். இப்போதோ திடலைச் சுற்றி முந்நூறு பேர் இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். தோட்டத்து நாவிதர் ரெங்கசாமி அண்ணன், தன் வாயாலேயே மூன்று கோச்சுகளை வேலையை விட்டு ஓடவைத்தவர். அவர்கூட, பக்கத்தில் ஒரு சருகு அசைந்தால் போதும், “நல்ல கோச்சு லா, ரொம்ப நல்ல கோச்சு” என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். கோச்சைப் பற்றிய உண்மையான கருத்துகள் எல்லாம் லயத்து வீடுகளுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பேசப்பட்டன.

புதுக் கோச்சின் சட்டம் எளிமையானது. ஒரு கோல் விட்டால் கோல்கீப்பருக்கு ஓர் அறை. ஆட்டம் முடிந்து அல்ல, அப்போதே, திடலுக்குள் நடந்து வந்து.

எங்கள் கோல்கீப்பர் முனியாண்டி. என் கூட்டாளி. தோட்டத்திலேயே வலுவான உடம்பு அவனுக்குத்தான். முதல் ஆட்டத்தில் நான்கு கோல், நான்கு அறை. இரண்டாவது ஆட்டத்தில் மூன்று. ஒவ்வோர் அறைக்கும் திடலில் முந்நூறு பேரும் தரையைப் பார்த்தோம். நானும் தரையைத்தான் பார்த்தேன். அவ்வளவு பெரிய வாய் வைத்திருந்தவன், அது இருக்கும் இடமே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் முனியாண்டியின் தங்கை பொன்னம்மா என்னிடம் வந்தாள். (அவள் என்னிடம் தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.)

“அண்ணனுக்குக் கன்னம் வீங்கிக் கெடக்கு. மரவள்ளிக்கெழங்கக்கூட மென்னு திங்க முடியல. பெரிய வாயின்னு பேரு வாங்கிருக்கீங்களே, ஒண்ணும் செய்ய மாட்டீங்களா?”

ஒரு பெண் இப்படிக் கேட்ட பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? எனக்கும் வரவில்லை. யோசித்தேன். இப்படித் தோற்றுக்கொண்டே போவதற்குக் காரணம் திருஷ்டிதான் என்று கண்டுபிடித்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் கண் முனியாண்டி மேல் பட்டிருக்கிறது. ஒரு பூசணிக்காயில் முகம் வரைந்து கோல் கம்பத்தில் கட்டிவிட்டால், வருகிற கெடுதலை எல்லாம் அந்த முகம் வாங்கிக்கொள்ளும். ஆட்டம் முடிந்ததும் முச்சந்தியில் போட்டு உடைத்துவிடலாம். அண்ணனுக்கு அறை விழாது என்று பொன்னம்மாவிடம் அடித்துச் சொன்னேன்.

அவள் லயத்துக்குப் பின்னால் ஒரு கொடி போட்டிருந்தாள். அதில் ஒரே ஒரு நீர்ப்பூசணி காய்த்திருந்தது. கிழங்கும் கிடைக்காத நாள் ஒன்று வரும், அன்றைக்கு ஆகும் என்று வைத்திருந்தாள். அதை அறுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை நான் என் முழுத் திறமையையும் காட்டி வரைந்தேன். திருஷ்டி முகத்துக்குக் கண் பெரிதாக இருக்க வேண்டும், பார்க்கிறவன் கண்ணை அது இழுக்க வேண்டும். அதனால் சுண்ணாம்பால் இரண்டு கண், அவற்றைச் சுற்றிக் கரியால் இரண்டு பெரிய வட்டம். கரி குறைவாக இருந்தது, அதனால் மீசை மூக்குக்குக் கீழே ஒரு பொட்டு அளவில் நின்றுவிட்டது. பூசணிக்கு முடி ஏது, தலை மொட்டைதான். திடலில் ஆள் வருவதற்கு முன்பே எங்கள் கோல் கம்பத்தின் மூலையில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, என் வேலையை நானே நாலு பக்கமும் சுற்றிவந்து ரசித்தேன்.

மத்தியானம் கூட்டம் சேர்ந்தது. பூசணியைப் பார்த்தவர்கள் ஒருவர்கூடப் பேசவில்லை. பயபக்தி என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து நின்ற டிரஸ்ஸர்தான் வாயை மூடியபடியே கேட்டார்.

“தம்பி, அது யாரு மூஞ்சின்னு தெரியுதா ஒனக்கு?”

தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு மாதமாக அந்தத் துவானின் பூட்ஸைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை. குனிந்தால் பூட்ஸ், நிமிர்ந்தாலும் பூட்ஸ். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் தைரியம் தோட்டத்தில் அறை வாங்குகிற முனியாண்டி ஒருவனுக்குத்தான் இருந்தது, மற்றவர்கள் ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி, எனக்கு அந்தத் துணிச்சலும் இல்லை. அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். துவான் திடலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார். மொட்டைத் தலை. வட்டமான மூக்குக்கண்ணாடி. மூக்குக்குக் கீழே பொட்டு அளவு மீசை.

ஓடிப்போய் அவிழ்த்துவிடலாம் என்றால் அதற்கு நேரமில்லை. துவான் கம்பத்தருகே போய் நின்றார். அந்த மாதம்தான் டவுனில் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பான்காரர்கள் வெட்டிய தலைகளைக் கம்பத்தில் குத்திவைத்திருப்பதாகப் பேச்சு. இங்கே நான் கம்பத்தில் அவர் தலையைத் தொங்கவிட்டிருந்தேன்.

அவர் கேட்டது ஒரே வார்த்தை. “சியாப்பா?” யார் என்று அர்த்தம். கோலுக்குள் முனியாண்டி நின்றிருந்தான், அதனால் துவானின் கை அவனை நோக்கி எழுந்தது. நான் எழுந்து நின்றேன். இதைத் தைரியம் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். இல்லை. ஓடுவதற்காக எழுந்தேன், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை, அதற்குள் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

யாரும் பிடித்து இழுக்காமல் நானே நடந்து போனேன். இது எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில், ஆட்டத்துக்கு வரும் கெடுதலை எல்லாம் இந்த முகம் வாங்கிக்கொள்ளும், அதற்குத்தான் என்றேன். அடுத்து அவர் பூசணியின் மூக்கில் விரலை வைத்து, இது யார் முகம் என்று கேட்டார்.

இந்த இடத்தில் என் வாய் மூளையைக் கேட்காமல் வேலை செய்தது.

“முகா சாயா, துவான்.” என் முகம்.

எனக்கு அப்போது தலை நிறையச் சுருட்டை முடி. மீசை கிடையாது. கண்ணாடி கிடையாது. துவான் என்னைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்போது கோலுக்குள்ளிருந்து முனியாண்டியின் குரல் வந்தது. வீங்கிய கன்னத்தால் பாதி வார்த்தை உள்ளேயே நின்றது.

“பெத்துல், துவான். நெசந்தான், இவன் மூஞ்சிதான். சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன்.”

துவான் தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார். இரண்டடி தள்ளி நின்று ஒப்பிட்டுப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கண் தெரியவில்லை, கண்ணாடி போட்டதால் எனக்குத் தெரியவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்தினார். ரெங்கசாமி அண்ணன் கையில் சவரக்கத்தியோடு ஓடிவந்தார். அந்தக் கண்ணாடி வழியாகக் கத்தி வாள் அளவுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். தலை போகவில்லை, முடிதான் போனது. நடுத்திடலில், முந்நூறு பேர் முன்னால், தண்ணீர்கூடத் தொடாமல் சிரைத்தார். அண்ணன் கத்தி பட்டு நாலு இடத்தில் ரத்தம். சிரைத்துக்கொண்டே “நல்ல கோச்சு லா, நல்ல கோச்சு” என்று முணுமுணுத்தார்.

மீசைக்குக் கரியைத் துவானே தன் விரலால் வைத்தார். தன் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் கண்ணைச் சுற்றிலும் கரியால் வட்டம் போட்டார். “சாமா” என்றார். ஒன்றுபோல இருக்கிறதாம். அதோடு சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அதனால் பதிலுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பிக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். உடனே முந்நூறு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் போல் பயங்கரமான சத்தத்தை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.

ஆட்டம் முடியும்வரை நான் கம்பத்தருகே பூசணிக்குக் கீழே நிற்க வேண்டும் என்று உத்தரவு. நின்றேன். எங்கள் ஆட்கள் முதல் கோலை விட்டார்கள். துவான் நடந்து வந்தார். முனியாண்டி பழக்கப்படி கன்னத்தைக் காட்டினான். துவான் அவனைத் தாண்டி என்னிடம் வந்தார். கெடுதலை வாங்கிக்கொள்ளும் முகம் இதுதானே, நானே சொன்னதுதானே. அறை விழுந்தது. திருஷ்டி கழிக்கும் முறையை ஒரே விளக்கத்தில் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அதன் பிறகு முனியாண்டி ஆடிய ஆட்டத்தை எப்படிச் சொல்வேன். பந்துக்கு நெஞ்சைக் கொடுத்தான், முகத்தைக் கொடுத்தான், எதிராளியின் காலுக்கு அடியில் விழுந்தான். இன்னும் ஒன்றுதான் உள்ளே போனது. அந்த இரண்டாவது அறை என் இடது காதில் விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது, அப்புறம் ஒரே இரைச்சல். தோற்றோம். முனியாண்டி என்னிடம் வந்து ஏதோ சொன்னான். இடது பக்கம் நின்று சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டபோது ஒன்றுமில்லை என்றுவிட்டான்.

முறைப்படி பூசணியை முச்சந்தியில் உடைக்க வேண்டும். துவானின் முகத்தை யார் உடைப்பது? திருஷ்டிக்கு வைத்ததைத் தின்னக் கூடாது என்பார்கள், ஆனால் லயம் முழுக்கப் பசி. பொன்னம்மா கரியைக் கழுவிவிட்டுக் குழம்பு வைத்தாள். என் முகத்தை நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. போனவர்கள் திரும்புவதில்லை என்பது அப்போதே எல்லாருக்கும் தெரியும். என் பெயர் பட்டியலில் இருந்தது, முனியாண்டி பெயரும் இருந்தது. உடம்பைச் சோதித்தவர் டிரஸ்ஸர். என் காதைப் பார்த்துவிட்டு, செவிடு, உத்தரவு கேட்காது, வேலைக்கு ஆக மாட்டான் என்று எழுதினார். என் நல்ல காதில் மெதுவாகச் சொன்னார்.

“ஒன் வாயால நான் பட்டது கொஞ்சமில்ல. அதுக்காக ஒன்ன அங்க அனுப்ப முடியுமா?”

முனியாண்டியின் உடம்பில் எழுதுவதற்கு அவருக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவன் லாரியில் ஏறிப் போனான். திரும்பி வரவில்லை. என்னைக் காப்பாற்றிய அந்த அறை அவனுக்கு விழ வேண்டியது. பூசணியை உடைத்திருந்தால் அவன் வந்திருப்பானோ என்று இன்றைக்கும் சில நேரம் நினைப்பேன். அறிவு ‘இல்லை’ என்று சொல்லும், பயம் கேட்காது.

சண்டை முடிந்து பொன்னம்மாவைக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கு நான் பூசணிக் கதையைச் சொன்னேன், லாரிக் கதையை அவள் இல்லாதபோது சொன்னேன். நாற்பத்தைந்து வயதில் எனக்குப் பார்வை மங்கியது, சுங்கைப் பட்டாணி டவுனில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முடி அதற்குள் தானாகவே கொட்டியிருந்தது. மீசையையும், நரைத்த ஓரங்களைக் கத்தரித்துக் கத்தரித்து, மூக்குக்குக் கீழே கொஞ்சமாகத்தான் விட்டிருந்தேன்.

வாசலில் என்னைப் பார்த்த பொன்னம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் ஓடிவந்து பார்த்துவிட்டு அவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டுக்குப் பூசணிக்காய் வந்தால், அப்பா வந்துட்டாரு என்றுதான் கூடையிலிருந்து எடுப்பார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள்.

அவள் மட்டும் சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வலது பக்கமாக வந்து நின்று சொன்னாள்.

“பாத்தீங்களா, எங்கண்ணன் அன்னைக்குப் பொய் சொல்லல.”