நான் உள்ளடங்கிய கதை

பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் நான் சிறுபான்மையினன்.

அவசர முடிவல்ல. கணக்குப் போட்டு எடுத்த முடிவு. நான் புள்ளியியல் பேராசிரியர். எங்கள் வீட்டில் மனைவி, மாமியார், நான் என்று மூன்று பேர். ஆக, ஆண்கள் மூன்றில் ஒரு பங்கு. முடிவெடுப்பதில் ஆண்களின் பங்கு பூஜ்யம். அன்று காலை பயிற்சியில் "குரலற்றவர்கள்" என்று யாரையோ வர்ணித்தார்கள். அப்படியே என்னைத்தான் சொன்னார்கள்.

என்ன பயிற்சி என்று சொல்லவில்லையே. "பன்முகத்தன்மையும் உள்ளடக்கமும்: ஆசிரியர், அலுவலர்களுக்கான பயிற்சி முகாம்" என்று அரங்க வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். பன்முகம் எனக்குப் புரிந்தது. எங்கள் துணைவேந்தருக்குக் காலையில் ஒரு முகம், மாலையில் ஒரு முகம். உள்ளடக்கம்தான் புரியவில்லை. அது புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். யாரையும் ஒதுக்காமல் உள்ளே சேர்த்துக்கொள்வதாம்.

சேர்த்துக்கொண்ட லட்சணம் அரங்கிலேயே தெரிந்தது. பேராசிரியர்களுக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி. அலுவலர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. எங்களுக்குப் பீங்கான் கோப்பை. அவர்களுக்குக் காகிதக் கோப்பை. தேநீர் மட்டும் எந்தப் பாகுபாடும் பார்க்காமல் எல்லாருக்கும் ஆறிப்போயிருந்தது.

முகாமுக்கு ஒருங்கிணைப்பாளர் நான்தான். என் தகுதி? ஆலோசனைக் கூட்டத்தில் தூக்கத்தில் தலை ஆடியது. துணைவேந்தர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒரு தத்துவம் சொன்னார். "வைத்திருப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும். தேவைப்படுபவர் பெற வேண்டும்." எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டினால் போதும், யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். எனக்கு மட்டும் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டுப் பின்னறை!

ஒரு காலத்தில் அது என் படிப்பறை. கண் ஆபரேஷனுக்காக வந்த மாமியார் அங்கே தங்கினார். ஆபரேஷன் அமோக வெற்றி. இப்போது என் குறைகளெல்லாம் அவருக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிகின்றன. பார்வை திரும்பியது. அவர்தான் ஊர் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் எங்கள் பல்கலைக்கழகம்தான், தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர். காலையில் அதே முகாமில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவள். மாணவர்கள் தேர்வுக்குப் பயப்படுவதில்லை. அவளுக்குத்தான் பயப்படுவார்கள். நான் மாணவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"இங்க பாரு. இந்த வீட்ல நான் சிறுபான்மை."

கத்தி நிற்கவில்லை. "எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து. இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது."

பின்னறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "என்னடி சொல்றார் மாப்பிள்ளை?"

"அவருக்குச் சிறுபான்மையாம்மா."

"ஐயையோ! டாக்டர்கிட்ட காட்டினாரா?"

நான் பொருட்படுத்தவில்லை. "உள்ளடக்கம்னா என்னன்னு உனக்குப் புரிஞ்சுதா?"

"உள்ள அடக்கமா? உங்களுக்கு வெளியவே கிடையாதே."

"கிண்டல் பண்ணாத. இது கொள்கைப் பிரச்சனை. வச்சிருக்கிறவங்க விட்டுக்கொடுக்கணும். தேவைப்படுறவங்களுக்குப் போகணும். பின்னறையை உங்கம்மா வச்சிருக்காங்க. தேவை எனக்கு."

பூகம்பத்தை எதிர்பார்த்து வாசல் பக்கம் ஒரு காலை வைத்துக்கொண்டேன். பூகம்பம் வரவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"நியாயமாத்தாங்க இருக்கு."

"என்ன?"

"நீங்க சொல்றது நியாயம். அம்மாவை நாளைக்கே அறையைக் காலி பண்ணச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு. இது வீட்டுக்கு மட்டும்தானா, ஆபீசுக்கும் உண்டா?"

"கொள்கைன்னா எல்லா இடத்துக்கும்தான்!"

"நாளைக்கு நிறைவு உரை உங்களோடதுதானே? இதை அப்படியே மேடையில சொல்லுங்க. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவள் நான் சொன்னதை நியாயம் என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கொள்கை கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் மேடை ஏறினேன். வெளுத்துக் கட்டினேன். "நண்பர்களே! உள்ளடக்கம் என்பது பேச்சல்ல, செயல்! வைத்திருப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும்! இன்றே! இப்போதே!" அரங்கம் அதிர்ந்தது. துணைவேந்தர் முழித்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளின் நடுவில் ஒரு கை உயர்ந்தது. அந்தக் கையின் வளையல் எனக்குப் பழக்கமானது.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் என் மனைவி.

வீட்டில் "ஏங்க". இங்கே "சார்".

"கேளுங்க மேடம்."

"எங்க தேர்வுப் பிரிவு மூணாவது மாடியில இருக்கு. லிஃப்ட் கிடையாது. எங்க எழுத்தர் அம்மா ஊன்றுகோலோட தினமும் ஏறி இறங்குறாங்க. நடக்க முடியாத மாணவர்கள் வந்தா, கீழ நின்னு மேல பார்த்துக் கத்துறாங்க. இது உள்ளடக்கமா சார்?"

"இல்லவே இல்லை! வெட்கக்கேடு!" என்று முழங்கினேன். பேச்சின் சூடு இன்னும் இறங்கவில்லை.

"கீழ்த்தளத்துல ஒரு பெரிய அறை இருக்கு சார். ஒரே ஒருத்தர்தான் வச்சிருக்கார். மத்தியானம் சோபாவுல தூங்குறதுக்கு."

முன்வரிசையில் இருமல் கிளம்பியது. எல்லாருக்கும் தெரியும். அந்த அறை என்னுடையது. அந்தச் சோபாவும் என்னுடையது. அந்தத் தூக்கமும்.

"அது... இதை ஆராய ஒரு குழு அமைக்கலாம்" என்றேன்.

"இன்றே, இப்போதேன்னு சொன்னீங்களே சார்?"

துணைவேந்தர் துள்ளி எழுந்தார். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது. காட்டுவதற்கு அவரிடம் ஒரு பேனர்தான் இருந்தது. "என்ன தியாகம்! பேராசிரியர் தன் அறையையே தருகிறார்! தேர்வுப் பிரிவு கீழே வருகிறது! பேராசிரியர் மேலே போய்விட்டார்!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். பின்வரிசையில் அப்போதுதான் வந்த ஒருவர், கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டு, மௌனமாக எழுந்து நின்றார்.

எழுத்தர் அம்மா ஊன்றுகோலைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவரைப் படிக்கட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "பார்த்து, மெதுவா" என்று அறிவுரை வழங்கிவிட்டு என் சோபாவுக்குப் போயிருக்கிறேன். அந்த ஒரு நிமிடம், விருப்பப்பட்டே கொடுத்தவனைப் போல நானும் கும்பிட்டேன். பிறகு மூன்று மாடி ஞாபகம் வந்தது. கும்பிட்ட கை தானாகக் கீழே விழுந்தது.

சாயங்காலத்துக்குள் என் புத்தகங்கள் மேலே போய்விட்டன. சோபா படிக்கட்டுத் திருப்பத்தில் நுழையவில்லை. அதை எழுத்தர் அம்மா உட்காரக் கீழேயே விட்டுவிட்டார்கள்.

போகட்டும். வீட்டில் எனக்கென்று படிப்பறை காத்திருக்கிறது. அந்த நினைப்போடு மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தேன்.

மனைவி சொன்ன சொல் தவறவில்லை. பின்னறை பளிச்சென்று காலியாக இருந்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி. எனக்கு மனசு நிறைந்துபோனது.

"உங்கம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?"

"எதுக்குப் போகணும்? நம்ம பெட்ரூமைக் குடுத்துட்டேன். குளியலறை ஒட்டியே இருக்குல்ல. அவங்களுக்கு முழங்கால் வலி. தேவை அவங்களுக்குத்தானே?"

"அப்ப நீ?"

"நான் அவங்களுக்குத் துணையா அங்கயே படுத்துக்குறேன்."

"அப்ப நான்?"

"நீங்க படிப்பறை கேட்டீங்க, குடுத்தாச்சு. நாற்காலியிலயே தூங்குறது உங்களுக்குப் புதுசா என்ன?"

வாயைத் திறந்தேன். என் கொள்கையே உள்ளிருந்து வந்து தொண்டையில் குறுக்கே நின்றது. மூடிக்கொண்டேன்.

என் கட்டிலிலிருந்து மாமியார் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, இங்க காத்து ரொம்ப அடிக்குது. ஃபேனைக் கொஞ்சம் குறைச்சிட்டுப் போங்களேன்."

போய்க் குறைத்தேன். குரைக்கத்தான் முடியவில்லை.